பேஸ் பெட்டியின் குழாய்க்கு என்ன பெயர்? (கலைச்சொல் இழை)

காட்பாடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஓர் அவசரம். சனிக்கிழமை வேலூரில் மைக்செட் மெக்கானிக்குகளுக்கும், சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி நடத்துகிறோம். வீட்டில் பழகுவதற்கு வாங்கிய சின்ன பேஸ் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரையும் பெட்டியையும் மாற்றி, அடிச்சத்தத்தை ஒழுங்காக வரவைப்பதுதான் பாடம். கையேடு நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும்.

காயில், கோன், மேக்னட், ஓம், வாட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கோனைக் 'கூம்பு' என்று எழுதிப் பார்த்தேன். கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி என்று புரிந்துகொண்டார்கள், விட்டுவிட்டேன்.

சிக்கல் பெட்டியில்தான் இருக்கிறது. முழுக்க அடைத்த பெட்டி ஒன்று, பின்பக்கம் திறந்தது ஒன்று, அடைத்துவிட்டு ஒரு குழாய் மட்டும் வைத்தது ஒன்று. இந்த மூன்றாவதை ஆங்கிலத்தில் போர்ட்டட் என்கிறார்கள். போர்ட் என்று எழுதினால் ஒயர் சொருகும் இடம் என்று நினைக்கிறார்கள். 'துளை' என்றால் துளையேதான் போடுகிறார்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெறும் வட்டம் வெட்டிய பெட்டி ஒன்று பழுதுக்கு வந்தது. குழாய் இல்லாததால் பெட்டியின் சுருதி, அதாவது உள்ளே காற்று ஆடும் அதிர்வெண், மேலே ஏறிவிட்டது. அதற்குக் கீழே உள்ள சுரங்களுக்குக் கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இல்லை. பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அதை மீட்டியதும் கோன் எல்லை மீறி ஆடி, காயில் உரசிக் கெட்டுப்போனது. நீளம் முக்கியம் என்று சொல்லும்போதே மனதில் பதிகிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

ஆரணியிலிருந்து:

தம்பி, சொல் நம்மிடம் இருக்கிறது. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள். குளம்புத்தடம் போல நடுவில் பகுப்புள்ள பத்தல் என்ற ஒலிக்கூடு, அதன்மேல் போர்த்த தோல், வளையில் இருக்கும் நண்டின் கண் போல ஆணி என்று புலவர் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிவருகிறார். அதில் எட்டாம் நாள் பிறை வடிவில், உள்நாக்கு இல்லாத ஒரு வாய் வருகிறது. அதன் பெயர் வறுவாய். இசைக்கருவியின் ஒலிக்கூட்டில் திறந்திருக்கும் வாய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? குழாய் வைத்ததை வறுவாய்ப் பெட்டி என்றும், மற்றதை அடைபெட்டி என்றும் எழுதுங்கள். 'பத்தல்' என்பதையும் கேபினட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இத்தனை காலம் இதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்ததுதான் எனக்கு வருத்தம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அம்மா, மன்னிக்கணும். நான் கடை வைத்திருப்பவன். ஆசாரியிடம் போய் 'வறுவாய் வை' என்றால் 'இன்னா சார் அது?' என்பார். எங்கள் கடையில் பாக்ஸ், டியூப், அவ்வளவுதான். மூணு இஞ்ச் பிவிசி பைப்பை அளந்து வெட்டி, சுற்றிலும் காற்று கசியாமல் ஒட்டுகிறோம். கையேடு படிக்கப்போகிறவர்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் வாயில் இருக்கும் சொல்லையே அச்சில் போட்டால் என்ன? டியூப் என்றால் நீளமும் தெரியும்.

ஆம்பூரிலிருந்து:

இயற்பியல் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். குழாய்க்குள் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் கட்டிய எடை. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். கடத்தின் வாயை வித்வான் வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் கும்காரத்தை மாற்றுவது இதே விதிப்படிதான். பெட்டி அதேதான் என்றால் குழாயை நீட்ட நீட்ட சுருதி இறங்கும், அகலமாக்கினால் ஏறும். இந்த யோசனைக்கு அமெரிக்காவில் 1930களிலேயே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். ஆனால் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெட்டி, எவ்வளவு குழாய் என்று கணக்காகச் சொல்ல முடிந்தது 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், அப்புறம் 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய பிறகுதான்.

ஆகவே வறுவாய் போதாது. வாய்க்கு நீளம் கிடையாது. கிட்டார், வீணை ஒலித்துளைகளுக்கு அது சரி. இங்கே வேண்டியது தூம்பு. ஏரிக்கரையின் அடியில் தண்ணீர் வரும் நீண்ட வழி தூம்பு. காவேரிப்பாக்கம் ஏரி பக்கத்தில் இருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மூங்கில் குழாய்க்கும் அதே பெயர். மலைபடுகடாம் கூத்தரின் கருவிகளை வரிசையாகச் சொல்லும்போது 'களிற்றுயிர்த் தூம்பு' என்கிறது, யானை பெருமூச்சு விடுவதைப் போல ஒலிக்கும் நெடுங்குழல். அடிச்சத்தம், குழாய், காற்று, நீளம் எல்லாம் ஒரு சொல்லில் வந்துவிட்டன. தூம்புப் பெட்டி.

ஆரணியிலிருந்து:

தூம்பு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ஏரித்தூம்பில் தண்ணீர் ஒரே திசையில் போகும். உங்கள் குழாயில் காற்று முன்னும் பின்னும்தான் ஆடுகிறது, வெளியே போய்ச் சேர்வது ஒன்றுமில்லை என்று நீங்களே போன மாதம் வேறொரு இழையில் எழுதினீர்கள். பழைய வீடுகளில் முற்றத்து அழுக்குத் தண்ணீர் போகும் வழிக்கும் தூம்பு என்றுதான் பெயர். படிப்பவர் மனதில் எது வரும்?

இன்னொன்று. 'ஒலிபெருக்கி' என்று ஸ்பீக்கரைச் சொல்வதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் மின்சாரத்தை ஒலியாக்குகிறது. அது 'ஒலிப்பான்'. அடிப்படையிலேயே குழப்பத்தை வைத்துக்கொண்டு மேலே கட்டுகிறோம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஒலிபெருக்கி போலீஸ் அனுமதிச் சீட்டு வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது அம்மா. அதை இனி எழுப்ப முடியாது.

குடியாத்தத்திலிருந்து:

நான் பேஸ் வாசிக்கிறவன். எந்தச் சொல் வந்தாலும் பழகிக்கொள்வேன். ஆனால் பெயர் விவாதத்தில் பாடம் பின்னால் போகிறது அண்ணா. கையேட்டின் முதல் பக்கத்தில் ஓம் பற்றிப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குறைந்தது 8 ஓம் என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டவே கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் (பேரலல்) மாட்டினாலும் 4 ஓம்தான், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

அப்புறம் வாட் பைத்தியம். ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரே வாட்டுக்கு அது தரும் சத்தம், 3 டெசிபல் கூடினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன். என் 8 இஞ்ச்சை எடுத்துவிட்டு, உணர்திறன் கூடிய 10 இஞ்ச்சை அளந்து செய்த அடைத்த பெட்டியில் வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் அதேதான், டிரம்ஸுக்கு நடுவிலும் இப்போது கேட்கிறது. சின்னப் பெட்டி, நிறைய சத்தம், ஆழமான பேஸ் மூன்றும் சேர்ந்து கிடைக்காது, ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கணக்குப் போட வராதவர்களுக்கு அடைத்த பெட்டியே நல்லது. ஆழத்தில் சத்தம் மெதுவாகக் குறையும், கோனும் பிழைக்கும்.

காட்பாடியிலிருந்து:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். முடிவு செய்தாக வேண்டும். தூம்புக்கு மூவர், டியூபுக்கு இருவர், வறுவாய்க்கு ஆரணி அம்மா மட்டும். தலைப்பில் 'தூம்புப் பெட்டி' என்று போடுகிறேன். படத்தில் குழாய்க்கு நேராக 'டியூப்' என்று இருக்கும், ஆசாரிகள் படத்தைத்தான் பார்ப்பார்கள். மற்றவை அடைத்த பெட்டி, பின்திறந்த பெட்டி. ஓம் எச்சரிக்கை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒலிப்பானை இந்தத் தடவை சேர்க்க முடியவில்லை அம்மா.

ஆரணியிலிருந்து:

அச்சிடுங்கள், தடுக்க மாட்டேன். என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். தூம்பு குழாயின் பெயர், பெட்டியின் வாய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. காற்று வேகமாகப் போகும்போது புஸ் புஸ் என்று சத்தம் வராமலிருக்கக் குழாயின் முனையை விரித்து வைப்பார்கள் என்று ஆம்பூர் முன்பு எழுதியிருந்தார். அந்த விரிந்த முனையைக் கையேட்டில் எப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்?

காட்பாடியிலிருந்து:

'விரிந்த முனை' என்றுதான்.

ஆரணியிலிருந்து:

அடுத்த பதிப்பில் அதையாவது வறுவாய் ஆக்குங்கள். பிறை போல விரிந்ததைத்தான் புலவரும் சொல்கிறார்.

ஆம்பூரிலிருந்து:

அது வட்டம், பிறை இல்லை. ஆனாலும் முனைக்கு மட்டும் என்றால் எனக்குச் சம்மதம்.