ரொறன்ரோ சென்டர் ஐலண்டுக்குக் குடும்பமாகப் போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

வெயில்பறவை:

ஓகஸ்ட் நீண்ட வார இறுதி. பே ஸ்ட்ரீட் முடிவில் இருக்கும் ஃபெரித் துறைக்கு நாங்கள் போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிட்டது. சென்டர் ஐலண்ட் வரிசை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில், தீவின் மேற்குப் பக்கமான ஹன்லன்ஸ் பொயின்டுக்குப் போகும் வரிசையில் ஆளே இல்லை. "எல்லாம் ஒரே தீவுதானே, இதிலை ஏறுவம்" என்றார் அத்தான். ஏறினோம்.

ஒரே தீவுதான், பொய்யில்லை. இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்ததும் பீச்சுக்குப் போகும் பாதை வந்தது. தண்ணீரைக் கண்டதும் சின்னவன் ஓடினான். அவனைப் பிடிக்க அக்கா, அக்காவுக்குப் பின்னால் குடையோடு அம்மம்மா. புட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அப்படியே நின்றார்கள். அங்கே படுத்திருந்த ஒருவர் உடம்பிலும் துணி இல்லை.

மாமாவுக்கு அந்த நிமிடமே விமானங்கள்மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தாழப் பறந்து வரும் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து, "இதுக்கு ரெண்டு இஞ்சின்" என்று எங்களுக்கு விளக்கம் வேறு. அம்மம்மா மட்டும் அசையவில்லை. ஆறுதலாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுகளுக்கு வெயில் சுடாதோ?" என்றா.

அத்தானை இன்றுவரைக்கும் ஒருவரும் விடவில்லை.

மூன்றாம்மாடி:

சிரிப்பு வந்தது, ஆனால் ஹன்லன்ஸ் பக்கத்தை இப்படிப் பயமுறுத்தாதீர்கள். அங்கே பெரிய பலகை இருக்கிறது. அந்த பீச்சில் துணியில்லாமல் இருக்க நகரசபை அனுமதி கொடுத்தே இருபது வருஷத்துக்கு மேல். பீச் பக்கம் திரும்பாமல் நேரே நடந்தால் கலங்கரை விளக்கம் வரும். 1808இல் கட்டியது. அன்றைக்குக் கரையோரமாக நின்றது, மணல் சேர்ந்து சேர்ந்து இப்போது நன்றாக உள்ளே தள்ளி நிற்கிறது. முதல் விளக்குக் காவலரை 1815இல் கொலை செய்துவிட்டார்கள் என்றும், அவர் ஆவி இன்னும் படியேறுகிறது என்றும் ஒரு கதை. அதை நான் மகனுக்கு விபரமாகச் சொன்னேன். அன்று முழுக்க அவன் கழிவறைக்குத் தனியாகப் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்று நான் பாட்டுப் பாட வேண்டியிருந்தது, அவனுக்கு நான் அங்கேதான் நிற்கிறேன் என்று தெரிய. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நித்திரைக்காரி:

போவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள். திரும்பி வருவதைப் பற்றி யார் சொல்வது?

பின்னேரம் ஆறு மணி, சென்டர் துறை. முழுத் தீவும் அந்த ஒரு வாசலில் நிற்கிறது. இவர் வாகன் என்ற சின்ன இழுவண்டியில் நித்திரையான சின்னவளை இழுத்துக்கொண்டு முன்னால். நான் பெரியவளின் செருப்பு வாரைப் பூட்டிவிட்டு நிமிர, கேற் சாத்தியாகிவிட்டது. இவர் உள்ளே, நாங்கள் வெளியே. என் ஃபோன், பணப்பை, பெரியவளின் ஜாக்கெட் எல்லாம் அந்த வாகனுக்குள். இவர் மேல்தட்டில் ஏறி நின்று கையால் ஏதோ காட்டுகிறார். எனக்கு இவர் "அங்கேயே நில்லு" என்கிறாரா, "நான் திரும்பி வாறன்" என்கிறாரா என்று விளங்கவில்லை. கப்பல் விலக விலக பெரியவள் கேட்டாள், "அப்பா எங்களை விட்டிட்டுப் போறாரா?"

பதினைந்து நிமிடப் பயணம்தான், தெரியும். ஆனால் அடுத்த கப்பல் வரும்வரை நான் அவளுக்கு வாத்துக்களை எண்ணக் காட்டிய விதம் எனக்குத்தான் தெரியும். அக்கரையில் இவர் சொன்னது, "நான் பாய் சொன்னனான்."

மிசிசாகாக்காரன்:

நித்திரைக்காரி, தீவின் கிழக்குப் பக்கம் இருக்கும் வார்ட்ஸ் துறைக்கு நடந்திருந்தால் இந்தப் பிரச்சனையே இல்லை. சென்டரில் இருந்து அரை மணி நேர நடை, வரிசை பாதிகூட இருக்காது. நாங்கள் போன அன்று எந்தச் சிக்கலும் வரவில்லை, ஒரு வாத்து என் மாமியார் கையில் இருந்த ரோல்ஸைப் பிடுங்கியதைத் தவிர.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிக்கெட்டை வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்குங்கள். போகும்போதுதான் டிக்கெட், வரும்போது யாரும் கேட்கமாட்டார்கள், ஆகவே எந்தத் துறையில் ஏறினாலும் சரி. காரை யூனியன் ஸ்டேஷன் பக்கம் கொண்டு வரவே வேண்டாம், ட்ரெயினில் வந்து இறங்கி நடந்தால் துறை. பத்து மணிக்கு முன் ஏறப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் சென்டரில் இறங்குங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளின் கேளிக்கைப் பூங்கா சென்டர்வில், உள்ளே போகக் காசு இல்லை, ஏறும் ரைடுக்குத்தான். அங்குள்ள குதிரை ராட்டினம் 1907இல் செய்தது, பெரியவர்களும் ஏறலாம். முழங்கால் வலிக்காரர் இருந்தால் வார்ட்ஸில் இறங்குங்கள், மர நிழலும் வீடுகளும் பார்த்துக்கொண்டு இருக்கலாம், பீச்சும் பக்கம். நாலு சில்லு மிதிவண்டி வாடகைக்கு எடுக்கும் இடம் சென்டரில் ஏரிக்கரைப் பக்கம், துறையில் இருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். இதை முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் பேச்சு வாங்குவீர்கள். கோடையிலும் ஒரு சுவெட்டர் வேண்டும், மேல்தட்டில் காற்று சும்மா விடாது. முக்கியமாக, ஃபோனை ஒருவர் பையில் எல்லோரும் போடாதீர்கள்.

நித்திரைக்காரி:

அண்ணை, நாள் முழுக்க நடந்த பிள்ளையோடு இன்னும் அரை மணி நேரம் நடப்பதா? நீங்கள் ஒருமுறை நடந்து காட்டுங்கோ.

தோசைக்கல்:

ஜிபிஎஸ்ஸை நம்புகிறவர்களுக்கு என் சித்தப்பா கதை. மொன்றியலில் இருந்து குடும்பத்தோடு வந்தவர், "ரொறன்ரோ ஐலண்ட் ஃபெரி" என்று போட்டார். அது பாதர்ஸ்ட் தெருவின் அடிக்குக் கொண்டுபோய் விட்டது. அது விமான நிலையத்துக்குப் போகும் ஃபெரி. ஏறி நாலு மூச்சு விடமுன்னம் அக்கரை வந்துவிடும், ஆனால் அங்கிருந்து பார்க்குக்கு நடந்து போகவே முடியாது, நடுவில் ஓடுபாதையும் வேலியும். நாங்கள் பே ஸ்ட்ரீட் துறையில் காத்துக்கொண்டு நிற்கிறோம், இவர் அடித்துச் சொல்கிறார், "நீங்கள் சொன்னது பிழை, இங்கை எல்லாரும் காரோடை ஏறினம், நானும் வானை ஏத்தப்போறன்." வீடியோ கோலில் காட்டினார். உண்மையாகவே கார்கள் வரிசையாக ஏறுகின்றன! அவருக்குப் பின்னால் நின்ற எல்லோர் கையிலும் சூட்கேஸ். அதைக் கண்டு சித்திதான் முதலில் கேட்டா, "ஏனப்பா, பார்க்குக்கு இவ்வளவு உடுப்போடை போகினம்?"

மூன்றாம்மாடி:

இது கார் இல்லாத தீவு என்று எல்லோரும் சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. நான் லொறி கண்டேன், குப்பை அள்ள வந்தது. அங்கே குடியிருப்பவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கு வீட்டுச் சாமான் எப்படிப் போகும்? வார்ட்ஸ் போகும் 'ஒங்கியாரா' கப்பலில் வாகனம் ஏறும். பிள்ளைகளை நடுப்பாதையில் கண்மூடி விடவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். லொறி வராவிட்டாலும் அந்த நாலு சில்லு வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு பிரேக் எங்கே என்று தெரியாது.