அசோசியேஷன் பொருளாளராக இந்தச் செக்கில் கையெழுத்துப் போடலாமா?

ஹொரமாவுவாசி:
பெங்களூரு ஹொரமாவில் 48 வீடுகள் உள்ள அப்பார்ட்மென்ட். வேறு யாரும் முன்வராததால் இந்த வருடம் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டியில் கசடு இறுகிவிட்டது. மெஷின் வைத்து எடுக்க 60,000 ரூபாய் கூடுதலாகும் என்று கமிட்டி வேறொரு கான்ட்ராக்டரைப் பிடித்திருக்கிறது, அவர் இரண்டு ஆட்களை உள்ளே இறக்கித்தான் எடுப்பாராம். தொட்டியைப் பார்க்க வந்த பையன் தமிழ்தான் பேசினான், கோலார் தங்கவயல் பக்கம். கையில் ஒரு நைலான் கயிறு, காலில் ஹவாய் செருப்பு, வேறு ஒன்றும் இல்லை. "அவங்களுக்கெல்லாம் பழக்கம் சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர். நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை, செக்கில் கையெழுத்துதான். ஒரு கிறிஸ்தவனாக இதில் எனக்குப் பங்கு உண்டா?

குழாய்_மேஸ்திரி:
பங்கு அப்புறம், முதலில் சட்டம். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அந்த வாட்ஸ்அப்காரரிடம் சொல்லுங்கள், தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயுவுக்கு யாரும் பழக முடியாது. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் கீழே போவான். அவன் விழுந்ததும் தூக்கப்போகிற இரண்டாவது ஆளும் போவான்.

நடுநிலை78:
எல்லாவற்றிலும் வேதத்தை இழுக்காதீர்கள். நீங்கள் மறுத்தால் அந்தப் பையனுக்கு அன்றைய கூலி போகும், அதற்கு யார் பதில் சொல்வது?

லிங்கராஜபுரம் அக்கா:
தம்பி, உபாகமம் 22:8 எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது. தள்ளிவிட்டவனைப் பற்றிப் பேச்சே இல்லை, சுவர் வைக்காத வீட்டுக்காரனைத்தான் கேட்கிறது. உங்கள் தொட்டிக்கு அந்தச் சுவர் 60,000 ரூபாய், வீட்டுக்கு 1,250. செத்த பிறகு கொடுக்கும் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆக்கியது, ஆனால் வசனம் சாவுக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பேசுகிறது. நடுநிலை சார், கூலிதான் கவலை என்றால் அந்த இரண்டு பேரையும் மெஷினோடு மேலே நின்று குழாய் பிடிக்கக் கூப்பிடுங்கள், அதே கூலி கொடுங்கள். இன்னொன்று, எங்கள் சபை பங்களாவின் செப்டிக் டேங்கைப் போன முறை யார் சுத்தம் செய்தார் என்று கமிட்டியில் கேட்டேன். எல்லோரும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹொரமாவுவாசி:
அக்கா, அந்த வசனத்தை அப்படியே குரூப்பில் போட்டால் மதப் பிரச்சினை ஆகிவிடும், அதனால் சட்டத்தையும் 1,250 கணக்கையும் மட்டும் போட்டேன். செக் புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. இதுவரை 19 வீடு சரி சொல்லியிருக்கிறது, கமிட்டித் தலைவர் படித்துவிட்டார், பதில் இல்லை.