டவரில் மூன்று மீட்டர், கையில் அரைச் சாண்: கோணப் பரவலை மூன்று பேர் நேரில் பார்த்த அனுபவங்கள்

(அலையோ துகளோ எவ்வளவு அகலமான கோணத்துக்குள் பரவுகிறது என்பதுதான் கோணப் பரவல்.)

2003-ல் டிப்ளமோ முடித்த கையோடு, மொபைல் டவர்களில் ஆன்டெனா கட்டும் ஒப்பந்தக் குழுவில் சேர்ந்தேன். மதுரை, திண்டுக்கல், தேனி என்று சுற்றிய காலம். அன்றைய டவர்கள் நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்துக்கு இரண்டு நெட்டை ஆன்டெனாப் பெட்டிகள் இருக்கும், நடுவில் மூன்று மீட்டருக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளிக்காகவே இரும்புக் கைகளை வெளியே நீட்டி, நாற்பது மீட்டர் உயரத்தில் காற்று அறைய அறைய போல்ட் முடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று எனக்கு உள்ளுக்குள் கோபமாகவே இருக்கும்.

ஒரு ஊரில் மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் கட்ட வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டி இடத்தை அடைத்துக்கொண்டதால் இரண்டையும் ஒரு மீட்டருக்குள் கட்டிவிட்டு இறங்கிவிட்டோம். போனில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. ஆனால் ஊர் ஓரத்திலிருந்து பேசுகிறவர்களின் குரல் மட்டும் எதிர்முனையில் விட்டு விட்டுக் கேட்டது. கேபிள், கனெக்டர் எல்லாம் மாற்றிப் பார்த்து ஓய்ந்த பிறகு மூத்த இன்ஜினியர் ஒருவர் வந்தார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, “தம்பி, ரெண்டும் ஒரே நேரத்துல மங்குது. அப்புறம் ரெண்டு எதுக்கு?” என்று கேட்டார். ஒன்றில் சிக்னல் மங்கும்போது மற்றது பிடித்துக்கொள்ளத்தான் இரண்டு என்று சொல்லி, சாக்பீஸால் மொட்டை மாடித் தரையில் படம் போட்டுக் காட்டினார்.

தெருவில் இருக்கும் போனிலிருந்து கிளம்பும் அலை சுவர், பஸ், மரம் என்று சுற்றியுள்ளதில் எல்லாம் பட்டுச் சிதறி, பல வழிகளில் டவருக்கு வருகிறது. சிதறவைக்கும் பொருள்கள் போனைச் சுற்றி 50 மீட்டருக்குள், டவர் 2 கிலோமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொண்டால், டவரிலிருந்து பார்க்க அந்தக் கூட்டம் முழுவதும் ஏறக்குறைய 3 டிகிரிக்குள் அடங்கிவிடும். அந்த 3 டிகிரிதான் கோணப் பரவல். வரும் கோணம் குறுகக் குறுக, அலைகள் சேர்ந்து வலுக்கும் இடத்துக்கும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்துக்கும் நடுவே தூரம் கூடும். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர், அதை 0.05 ரேடியனால் (அதே 3 டிகிரிதான்) வகுத்தால் 6.6 மீட்டர், வலுக்கும் இடத்திலிருந்து அழியும் இடம் அதில் பாதி, 3.3 மீட்டர். நான் இத்தனை நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டே நீட்டிய இரும்புக் கையின் அளவு, கணக்காகத் தரையில் கிடந்தது.

போன் பக்கம் நிலைமை வேறு. அங்கே அலை எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, அதனால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நகர்ந்தாலே மங்கல் தெளிந்துவிடும். “கொஞ்சம் தள்ளி நின்னு பேசு, இப்ப கேக்குது” என்று வீட்டில் சொல்வார்களே, அது இதுதான். மறுநாள் ஒரு ஆன்டெனாவை மாடியின் அடுத்த மூலைக்கு மாற்றினோம், புகார் நின்றது. அப்புறம் சில வருடங்களில் எதிரெதிராக 45 டிகிரி சாய்ந்த இரண்டு ஆன்டெனாக்களை ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள், சாய்வு வேறாக இருப்பதால் இரண்டும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் மங்குவதில்லை, இடைவெளி தேவையில்லாமல் போனது. எனக்கு ஆனால் அந்த மூன்று மீட்டர் மறக்கவில்லை.

*

டவர் நண்பர் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஊட்டி ஞாபகம் வந்துவிட்டது. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். லேசர் என்றால் நேர்கோடு என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருவார்கள். மேசையருகே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஹீலியம்-நியான் லேசர் புள்ளி, 20 மீட்டர் வராந்தாவின் கடைசியில் இரண்டு சென்டிமீட்டர் வட்டமாக நிற்பதைக் காட்டுவேன். அலைநீளத்தை, ஒளி வெளிவரும் வாயின் அகலத்தால் வகுத்தால் விரியும் கோணம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். வாய் சிறுத்தால் விரிவு பெருகும்.

ஒருமுறை மாணவர்களை ஊட்டி பக்கத்தில் முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிக்கு அழைத்துப் போனேன். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து வடக்கு தெற்காகப் படுக்கவைத்திருக்கிறார்கள். அலைநீளம் 92 சென்டிமீட்டர். வேலியோரம் நின்றபடியே அதே வகுத்தல் கணக்கைப் போடச் சொன்னேன். நீளவாக்கில் 0.1 டிகிரி வந்தது, அகலவாக்கில் கிட்டத்தட்ட 2 டிகிரி. “சார், நிலாவே அரை டிகிரிதானே, இத்தனை பெரிய கருவிக்கு இவ்வளவுதான் கூர்மையா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அங்கே போனதே. அந்தக் கருவி நிலாவையே கத்தியாகப் பயன்படுத்தியது. ரேடியோ அலை வீசும் தொலைதூர விண்பொருள் ஒன்றை நிலாவின் விளிம்பு மறைக்கும்போது சிக்னல் எப்படி இறங்குகிறது என்று பதிவுசெய்து, அதிலிருந்து கோண விநாடி (டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) அளவுக்கு நுணுக்கமாக அந்தப் பொருளின் அகலத்தைக் கண்டார்கள். அந்தப் பெண் திரும்பிவரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

துகள்களிலும் நான் இதையே சொல்வேன். 1909-ல் மான்செஸ்டரில் கைகர், மார்ஸ்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மெல்லிய உலோகத் தகட்டில் ஆல்பா துகள்களை விட்டபோது பெரும்பாலானவை சிறு கோணத்தில்தான் விலகின, மிகச் சில மட்டும் 90 டிகிரியையும் தாண்டித் திரும்பின. அந்த மிகச் சிலவற்றை விடாமல் எண்ணியதால்தான் 1911-ல் ரூதர்ஃபோர்டால் அணுவுக்குள் ஒரு கருவைச் சொல்ல முடிந்தது. பரவிய கோணத்தைப் பார்த்து வழியில் என்ன இருந்தது என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பைத் தருகிற வேலை.

*

என்னுடையது சின்ன அனுபவம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, இரண்டு குச்சி ஆன்டெனா உள்ள கருவிகளை வைத்து, மாடிக்கு மாடி வைஃபை இணைப்பு கொடுத்தேன். நடுவில் ஒரு மரம்கூட இல்லை, சிக்னல் அபாரம். வேகம் மட்டும் எதிர்பார்த்ததில் பாதி. அதே கருவிகள் அலமாரியும் சுவரும் நிறைந்த ஆபீஸுக்குள், இதைவிடக் குறைந்த சிக்னலில், இரட்டை வேகம் காட்டியிருந்தன. ரெண்டு நாள் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன்.

வெட்டவெளியில் அலை ஒரே கோட்டில் வருவதால் இரண்டு ஆன்டெனாவுக்கும் ஒரே செய்திதான் போய்ச் சேருகிறது, ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனித் தரவு ஓடைகளாகப் பிரித்து அனுப்ப வழியில்லை. ஆபீஸுக்குள் சுவர்கள் அலையைப் பல கோணங்களில் சிதறடித்து அந்தப் பிரிவினையைச் செய்துகொடுத்திருக்கின்றன. இரண்டு முனையிலும் ஒரு குச்சி ஆன்டெனாவை நிமிர்த்தியபடி விட்டு, மற்றதை, இணைப்பின் திசைக்குக் குறுக்காக, படுக்கவைத்தேன். நிமிர்ந்ததன் அலையைப் படுத்தது பெரும்பாலும் பிடிக்காது, அதனால் இரண்டும் கலக்காது. இறங்கிவந்து பார்த்தபோது வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது.