கரிசல் மண்ணில் கட்டிய புது வீட்டில் சாய்வான விரிசல்: பூசி மூடலாமா?

கேட்டவர், பல்லடம் பக்கம்:
வணக்கங்க. கிரகப்பிரவேசம் முடிந்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. தென்மேற்குப் படுக்கையறை ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து பேஸ்மட்டம் வரை சாய்வாக ஓடும் விரிசல், மாசியில் மயிரிழையாகத் தொடங்கி, சித்திரை வெயிலில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது. மேஸ்திரி இருமுறை பட்டி வைத்து மூடியும் அதே கோட்டில் பிளந்தது. புதுப் பூச்சு அப்படித்தான் வெடிக்கும் என்கிறார். நம்பலாமா?

பதில், ஈரோடு, கட்டடப் பொறியாளர்:
பூச்சு காய்ந்து வெடித்தால் வலைபோல, மெல்லியதாக, மேலோடு நிற்கும். சுவரின் வெளிப்பக்கத்திலும் அதே இடத்தில் விரிசல் இருக்கிறதா? மேல்முனை அகலமா, கீழ்முனையா? அந்த மூலைக்கு அருகில் மரமோ தண்ணீரோ உண்டா?

கேட்டவர்:
வெளியிலும் இருக்கிறது. மேலேதான் அகலம். ஆறடி தள்ளி ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. சமையலறைத் தண்ணீர் எதிர்மூலைத் தென்னைக்குப் போகிறது. கடைக்கால் நான்கு அடி, கருங்கல் கட்டு. கடைக்கால் மேல் சுவர்களைச் சுற்றிக் கம்பி கட்டிப் போடும் பெல்ட் கான்கிரீட் போடவில்லை.

பதில், பொறியாளர்:
அப்படியானால் மூலை கீழே இறங்குகிறது என்றே கருத வேண்டும். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் வீட்டில் ஒரு மூலையை வேம்பு உறிஞ்ச, எதிர்மூலை எப்போதும் நனைந்திருப்பதால், இரண்டும் ஒரே சீராக அசைய வழியில்லை. இப்போது பட்டி வைப்பது வீண் செலவு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு ஓரங்களிலும் எபாக்ஸியால் ஒட்டி, தேதி எழுதி, விரிசலின் முனைகளைப் பென்சிலால் குறித்து, கார்த்திகை மழை ஓயும்வரை பதினைந்து நாளுக்கொருமுறை பாருங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. தென்னைக்குப் போகும் தண்ணீரைக் குழாயில் தூரமாகக் கொண்டுபோங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளிப்புறம் சாயும்படி கான்கிரீட் போடுங்கள். மூலையருகே குறுகலாக ஒரு குழி எடுத்து, கட்டு எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அன்றே மூடிவிடுங்கள்.

பதில், உடுமலை, வீட்டுக்காரர்:
வேம்பை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். நாங்கள் வெட்டினோம், அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்க, அடுத்த ஐப்பசி மழையில் தரை மேலெழுந்து, கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. கிளைகளைக் கழிப்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

கேட்டவர்:
ஞாயிறன்று குழி எடுத்தோம். கட்டு நின்ற நான்காவது அடியில் கையில் ஒட்டும் கரிசல்தான் இருந்தது. பத்தடி தள்ளித் தோண்டியபோது ஏழாவது அடியில்தான் சுக்கான், அதாவது சுண்ணாம்பு கலந்த கெட்டி மண், வந்தது. மேஸ்திரி குழியை எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை.

பதில், பொறியாளர்:
மழைக்குப் பிறகும் மூலை இறங்கினால், கட்டுக்கு அடியில் மூன்று நான்கு அடி நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக மண்ணை எடுத்து, சுக்கான் வரை கான்கிரீட் இறக்க வேண்டியிருக்கும். நீளமாக ஒரே வாக்கில் தோண்ட யாரையும் விடாதீர்கள், சுவர் தாங்காது. அந்த வேலையை மண்ணையும் சுவரையும் நேரில் பார்த்த பொறியாளர் ஒருவர் உடன் நிற்கும்போது மட்டுமே தொடங்குங்கள்.

கேட்டவர்:
சரிங்க. கண்ணாடி இன்று காலை ஒட்டியாயிற்று.