போக்கோ எஃப்1-க்கு லீனியேஜா, சிஆர்டிராய்டா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஒரு யோசனை வேணும்.

போன் போக்கோ எஃப்1, ஸ்னாப்டிராகன் 845, 6 ஜிபி ராம். கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 10-ஓட நின்னுட்டு. பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸை ஏத்துற புரோகிராம்) அன்லாக் ஆயிட்டு. கம்பெனி ஓஎஸ்ஸை எடுத்துட்டு வேற ரோம் (ROM, வெளியாளுங்க செஞ்ச ஆண்ட்ராய்டு ஓஎஸ்) போடணும்; லீனியேஜ் ஓஎஸ், சிஆர்டிராய்டு ரெண்டுல ஒண்ணுதான். லீனியேஜ்ல வேண்டாத சரக்கு இல்ல, அதனால மனசு அந்தப் பக்கம்தான் சாயுது. சிஆர்டிராய்டும் அதை அடிப்படையா வச்சதுதான், மாத்திக்கிடுற வசதி கூட.

முக்கியமான கேள்வி ஜியோ சிம் பத்தி. அதுல 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி (4ஜி வழியா கால் பேசுற வசதி) வேலை செய்யலன்னா நெட் ஓடும், கால் போவாது. பாபநாசம், களக்காடு மலையடிவாரத்துல சிக்னல் மெலிஞ்ச இடத்துல எந்த ரோம்ல கால் அறாம நிக்குது? அங்க பயன்படுத்துறவங்க சொல்லுங்க.

அடுத்தது பணம் அனுப்புற ஆப். பூட்லோடர் திறந்திருந்தா போன்ல கை வச்சிருக்கான்னு பாக்குற கூகுளோட பிளே இன்டெக்ரிட்டி சோதனையில மாட்டும், சில பேங்க் ஆப் திறக்கவே திறக்காது. ரூட் பண்ணாம (போனோட முழு அதிகாரத்தையும் எடுக்காம) இப்ப எது ஓடுது?

போடுற முறை இப்படி நினைச்சிருக்கேன், தப்பிருந்தா திருத்துங்க: ஐஎம்இஐ (போனோட அடையாள எண்) போயிராம இருக்க முதல்ல இஎஃப்எஸ், பெர்சிஸ்ட்ங்கிற ரெண்டு சிஸ்டம் பகுதியும் பேக்கப். அப்புறம் ஃபார்மட் டேட்டா, அதாவது உள்ள இருக்கிற எல்லாத்தையும் என்கிரிப்ஷனோட (தகவலைப் பூட்டி வைக்கிற முறை) சேத்து அழிக்கிறது. வெறும் வைப் பண்ணுனா பழைய என்கிரிப்ஷன் கிடந்து போன் பூட் ஆகாம நிக்கும். அதுக்கு மேல ரோம், உடனே ஜிஆப்ஸ் (பிளே ஸ்டோர் மாதிரி கூகுள் ஆப் தொகுப்பு). லீனியேஜை ஒருவாட்டி பூட் பண்ணிட்டு ஜிஆப்ஸ் போட்டா கிராஷ் ஆகும், திரும்ப அழிக்கணும்.

டிஸ்ப்ளே தியான்மா கம்பெனி பேனல். இதுல டச் தகராறு ஏதும் உண்டா? பதில்ல ரோம் பேரோட ஆண்ட்ராய்டு பதிப்பு, பில்ட் தேதியும் சேத்துப் போட்டா ரொம்ப உதவியா இருக்கும்.