சூடம் அணைக்க மாட்டேன்னு சொன்ன சித்தப்பா

கரிசக்காட்டான்:

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில எதிர்ல இருந்தவர், "சாமி பயம் இல்லாதவன் எதையும் செய்வான்"னு சொன்னார். அதுக்கு மேல எனக்கு ரசம் இறங்கல. அதான் இங்க எழுதறேன்.

எங்க சித்தப்பா கருப்புச் சட்டைக்காரர். கோயில் வாசல் மிதிக்க மாட்டார். ஆனா காதுகுத்து, மொட்டை எதுவானாலும் முதல் ஆளாப் போய் நின்னு பந்தி பரிமாறுவார். அவருக்கும் பெரியப்பாவுக்கும் கூட்டுக் கிணறு. கிணத்தை ஆழப்படுத்தி புது மோட்டார் இறக்கினப்போ, தன் பங்குப் பணத்தை அண்ணன் கையில ரொக்கமாக் கொடுத்தார். அண்ணன் தம்பிக்குள்ள என்ன சீட்டு, என்ன சாட்சி. அடுத்த வெள்ளாமைக்குள்ள பெரியப்பா "நீ எங்கடா குடுத்த?"ன்னுட்டார். முறைத் தண்ணியையும் நிறுத்திட்டார்.

ஊர்ல பேசிப் பார்த்துட்டு, அய்யனார் கோயில்ல வச்சு முடிச்சுக்கலாம்னாங்க. அதான் உங்களுக்கெல்லாம் தெரியுமே. தட்டுல சூடம், "குடுத்தது நிசம்னா அணைச்சிட்டுப் போ."

சித்தப்பா வந்து தட்டு முன்னாடி நின்னார். "நான் குடுத்தது நிசம். ஆனா இதை அணைச்சேன்னா, நான் இதுக்குப் பயப்படுறவன்னு உங்களை நம்ப வைக்கிற மாதிரி ஆயிரும். அது பொய்யி. பொய் சொல்ல எனக்கு வராது"ன்னார். கையைப் பின்னால கட்டிக்கிட்டார்.

ஒருத்தரும் பேசல. சூடம் உருகி, பித்தளைத் தட்டுல கரிப்பிடிச்சு ஒரு வட்டத்தை விட்டுட்டுத் தானா அணைஞ்சுது. பூசாரி இன்னொரு கட்டியை எடுத்தார். நாட்டாமை வேணாம்னு கை காட்டிட்டார்.

பயந்துட்டான், அப்ப பொய்தான். இது ஊர் முடிவு. சித்தப்பா ரெண்டாந்தடவையும் பணம் கட்டினார். சாமியே இல்லைங்கிறவனுக்கு அது வெறும் நெருப்புத்தானே? அவன் பொய்யனா இருந்தா டக்குனு அணைச்சிட்டுப் போயிட்டே இருப்பானே? அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்குமா இது தோணல?

அவர் இப்ப இல்லை. எழுதி வச்சிருந்தபடி உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துட்டோம். உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது இருந்தா எழுதுங்க.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. "கடவுள் அறிய" என்று நான் ஆரம்பித்ததும் கிளிப்பிள்ளை போல் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே கூசாமல் புளுகியவர்களுக்குக் கணக்கே இல்லை. நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர்களும் அதில் உண்டு.

1969ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான், பொய்ச் சாட்சிக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்பதும் ஒன்றுதான். உங்கள் ஊரில் நடந்தது ஒரு காலத்தில் கோர்ட்டிலேயே நடந்தது. 1873ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், "எதிராளி இன்ன கோயிலில் சத்தியம் செய்தால் நான் ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு கட்சிக்காரர் சொல்லலாம். அவர் செய்துவிட்டால் அந்த விஷயத்தில் அதுவே முடிந்த முடிவு. ஆனால் மறுத்தால்? கட்டாயப்படுத்தக் கூடாது. மறுத்ததையும், அதற்கு அவர் சொன்ன காரணத்தையும் நீதிமன்றம் எழுதி வைக்க வேண்டும். வெள்ளைக்காரன் சட்டமே காரணத்தைக் கேட்டு எழுதச் சொன்னது. உங்கள் நாட்டாமைக்கு அந்தப் பொறுமை இல்லை.

எனக்கு மறக்காதது ஒரு சிறுமி. லாரி விபத்து வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால், சத்தியம் என்றால் என்னவென்று குழந்தைக்குப் புரியாவிட்டாலும் உண்மை பேச வேண்டும் என்பது புரிந்தால் போதும், பிரமாணம் இல்லாமலே சாட்சியம் எடுக்கலாம். அதைச் சோதிக்க நீதிபதி, "பொய் சொன்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்பார். "சாமி கண்ணைக் குத்தும்" என்பதுதான் வழக்கமான பதில். நாங்கள் எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தோம். அந்தப் பெண் டிரைவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த மாமா செய்யாததுக்கு அவரை அடிப்பாங்க" என்றது. நீதிபதி கொஞ்ச நேரம் பேனாவை எடுக்கவில்லை.

அடுப்பங்கரை:

மேல எழுதின ரெண்டு பேரும் சாமி பயத்தை லேசா எடுத்துட்டீங்க. எங்க வீட்டு ஆளுக்கு டாக்டர் சொன்னார், எங்க அப்பா சொன்னார், பெத்த பிள்ளை அழுதுச்சு. குடிச்சா ஈரல் போயிரும்னு அவருக்கே தெரியும், ஸ்கேனைக் கையில பிடிச்சுப் பார்த்தவர்தான். அறிவு இல்லாம இல்லை. ஒண்ணும் நடக்கல. கோயில்ல கூட்டிட்டுப் போய்க் கயிறு கட்டினேன். நின்னுடுச்சு.

முழுசா நின்னுடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி, சமையல்கட்டுல சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கறேன். கயித்தைக் கழட்டி, அஞ்சறைப்பெட்டி மஞ்சத்தூள் மேல பத்திரமா வச்சு மூடிட்டு, சட்டையை மாட்டிட்டுக் கிளம்புறார். சாமி கூட வரக் கூடாதாம்! எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. காலையில அவரே எடுத்துக் கட்டிக்கிட்டார், கயிறெல்லாம் மஞ்சள்.

அந்தக் கயிறு கையில இருந்த நாள் ஒண்ணுல கூட அவர் குடிக்கல. உங்க பகுத்தறிவு அந்த வேலையைச் செய்யுமா? சொல்லுங்க.

கிழக்குத்தெரு:

கருப்புச் சட்டை போட்டவங்கள்லாம் கரிசக்காட்டான் சித்தப்பா இல்லைங்க. எங்க ஏரியாவுல ஏலச்சீட்டுப் பிடிச்சவரு "கடவுளை மற, மனிதனை நினை"ன்னு வாசல்லயே எழுதி வச்சிருந்தார். அதை நம்பித்தான் எங்க அம்மா சீட்டுப் போட்டாங்க, சாமியாரை நம்புறதுக்கு இது தேவலைன்னு. ஒரு நாள் காலையில வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைச்சு உள்ள போனா, புத்தக அலமாரி ஒரு புத்தகம் கலையாம அப்படியே இருந்துச்சு. பீரோ மட்டும் காலி.

பேரளையூர்ப் பேரன்:

கிழக்குத்தெரு, ஒருத்தர் ஓடினார்னு கொள்கையையே குறை சொல்லாதீங்க. அந்தக் கணக்குக்கு ஓடிப்போன சாமியார்களை எண்ண ஆரம்பிச்சா விடிஞ்சிடும். அக்கா, உங்க வீட்டுக்காரர் கழட்டி வச்சாரே கயிறு, அதுவே என் கட்சிக்கு சாட்சி. கழட்டி வைக்க முடியுற ஒழுக்கம் என்ன ஒழுக்கம்?

என் கதை சின்னது. எங்க தாத்தா பாட்டி சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. ஐயர் இல்லை, அக்னி இல்லை, மாலை மட்டும். அவங்க கல்யாணம் பண்ணின காலத்துல அது சட்டப்படி செல்லவே செல்லாது. 1953ல சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொல்லிடுச்சு. அண்ணா முதலமைச்சரானதும் 1967ல சட்டம் திருத்தினாங்க, ஏற்கெனவே நடந்த கல்யாணங்களும் செல்லும்னு சேர்த்து. அதாவது நடுவுல அவ்வளவு வருஷம், தாத்தா நினைச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பிப் போயிருக்கலாம். சாமியும் கேட்காது, கோர்ட்டும் கேட்காது. பாட்டி கடைசிக் காலத்துல படுத்திருந்தப்போ ஒரு சொந்தக்காரம்மா, "எதை சாட்சியா வச்சுடி இந்த மனுசனைக் கட்டிக்கிட்ட?"ன்னு கேலியாக் கேட்டாங்க. தாத்தா அப்போ பாட்டியோட எச்சில் துப்புற கிண்ணத்தைக் கழுவிட்டு உள்ள வந்தார். பாட்டி அந்தக் கிண்ணத்தைக் கண்ணால காட்டினாங்க.

இதுக்கு மேல என்ன வேணும்? இந்தப் பிறப்புல செஞ்சா மறுபிறப்புல கிடைக்கும்னு தர்மம் பண்றவனை 'அறவிலை வணிகன்'னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆள் பாடிட்டான். வள்ளல் ஆய் அண்டிரன் அப்படிப்பட்ட வியாபாரி இல்லைன்னு, புறநானூறு 134. பரிசுக்கும் தண்டனைக்கும் ஒழுங்கா இருக்கறது வியாபாரம். அவ்வளவுதான் விஷயம்.

ஆவண எழுத்தர்:

கரிசக்காட்டான் அவர்களுக்கு. எனக்கும் இதேபோல் மைத்துனரிடம் ஒரு தொகை போனது. அதை விடுங்கள். உங்கள் தலைமுறையாவது கவனமாக இருக்கச் சில விஷயங்கள் சொல்கிறேன். முதலில், உங்கள் பத்திரத்தில் கிணற்றுப் பாத்தியம் எத்தனையில் எத்தனை பங்கு என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். "கிணறும் மின் மோட்டாரும் பொதுவில்" என்று மட்டும் எழுதியிருந்தால் நாளைக்குத் தகராறுதான். பங்கு, முறைத் தண்ணீர் நாள், வாய்க்கால் போகும் பாதை, மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பெரியப்பா பெயரில் மட்டும் இருந்தால் அதற்கும் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாமல் பாகப்பிரிவினை எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று. அண்ணன் தம்பியாக இருந்தாலும் பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ரொக்கம் என்றால் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி ரசீது. பணம் வசூலுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு, அதற்குள் கடிதம் மூலம் ஒப்புதல் வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. கோயிலில் வைத்துப் பேசி முடித்தாலும் அன்றே முத்திரைத் தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போடுங்கள். சூடத்துக்கு நகல் எடுக்க முடியாது.

மணிமுத்தாறு:

எங்க பக்கம் விருத்தாசலத்துக்கிட்ட மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுறது வழக்கம். போலீஸ் ஸ்டேஷன் மாதிரியேதான். குறையை மனுவா எழுதி, சாமி முன்னாடி வச்சுப் பூஜை பண்ணி, முனியப்பர் சன்னதி வேல்ல கட்டிட்டு வரணும். காரியம் முடிஞ்சா போய் ராஜினாமா கொடுக்கணும்.

என் நகையை நாத்தனார் வாங்கிட்டுப் போய் இல்லவே இல்லைன்னுட்டாங்க. பிராது கட்டப் போறேன்னு மாமியார் காதுல விழற மாதிரி சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். அங்க போய் உட்கார்ந்து மனு எழுதறப்போ, பேரை எழுதற இடத்துல கை நின்னுடுச்சு. அவங்களுக்குக் கைக்குழந்தை இருந்துச்சு. ஏதாவது ஆயிட்டா? வெத்துத் தாளோட திரும்பி வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா நகை சாமி மாடத்துல இருக்கு.

கட்டாத பிராதுக்கு நகை வந்துச்சு. அவங்க பயந்தாங்க, சரி. நான் நின்னது எதனால? சாமி மேல நம்பிக்கை இருந்ததாலயா, அந்தக் குழந்தை முகத்தாலயா? இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

தமிழாசிரியை:

பேரனுக்கு ஒரு வார்த்தை. 134 சரிதான். அதே ஆய் அண்டிரன் இறந்தபோது அதே புலவர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய 241ஐயும் படியுங்கள். ஆய் வருகிறான் என்று இந்திரன் கோயிலில் முரசு முழங்கிற்று என்கிறார். மறுமை இல்லை என்று அந்தப் புலவர் எங்குமே சொல்லவில்லை. மறுமையைக் குறிவைத்து அவன் கொடுக்கவில்லை, சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தான் என்கிறார். இரண்டும் வேறு வேறு. உங்கள் வசதிக்குப் பாதிப் பாட்டை வெட்டாதீர்கள்.

அடுப்பங்கரை:

பேரன் தம்பி, கழட்டி வைக்க முடியுற ஒழுக்கம் என்ன ஒழுக்கம்னு கேட்டீங்களே. உங்களுக்கு உங்க தாத்தா மாதிரி ஆள் வாய்ச்சிருக்கு, கேட்கறீங்க. எனக்கு வாய்ச்ச ஆளுக்குக் கயிறு வேணும். உங்க தாத்தாவுக்கு வேணாம்னா சந்தோஷம். அதுக்காக என் கயித்தை ஏன் அவுக்கறீங்க?

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

கரிசக்காட்டான் அவர்களிடம் ஒரு குறுக்கு விசாரணை. தம்பி அணைக்க மறுத்ததும் ஊர் கலைந்துவிட்டது என்கிறீர்கள். "வாங்கவில்லை" என்று சொன்னவர் உங்கள் பெரியப்பா. அவரை யாரும் அணைக்கச் சொல்லவில்லையா?

கரிசக்காட்டான்:

சொன்னாங்க. எங்க அம்மாதான் கூட்டத்துக்குப் பின்னால இருந்து, "அப்ப மாமா அணைக்கட்டும்"னாங்க. பெரியப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "கேட்கிறவன் நானு, நான் எதுக்கு அணைக்கணும்"னு கோயில் படி இறங்கிட்டார். அவர் அய்யனாருக்கு வருசா வருசம் குதிரை எடுத்து வைக்கிற ஆளு. நல்லா நம்புறவரு. அதான் அணைக்கல. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கோயில்ல அவர் சூடத்தைக் கண்ணுல ஒத்திக்கிறதில்ல, நான் பார்த்திருக்கேன்.

கிழக்குத்தெரு:

அடேங்கப்பா. அப்ப ரெண்டு பேருமே பொய் சத்தியம் பண்ணல. ஒருத்தர் நம்பாததால, ஒருத்தர் நம்புனதால.

பேரளையூர்ப் பேரன்:

ஆனா பணம் யார்கிட்ட இருந்தது? சாமி அவரை அணைக்க விடாமத்தான் தடுத்தது, பணத்தை வச்சுக்க விடாமத் தடுக்கலையே. அதைப் பேசுங்க.

மணிமுத்தாறு:

சித்தப்பா அணைச்சிருந்தா பெரியப்பாவுக்கே மனசு உறுத்தி ஒத்துக்கிட்டிருப்பாரோ என்னவோ. சாமிக்கு முன்னாடி தம்பி நெருப்பைத் தொடுறதைப் பார்த்தா எந்த அண்ணனுக்கும் வயிறு கலங்கும்.

கரிசக்காட்டான்:

அதை சித்தியும் சொல்லியிருக்காங்க. "ஒரு கை வீசுனா முடிஞ்சிருக்கும், உன் சித்தப்பாவுக்குப் பணத்தை விட வீம்பு பெருசு"ன்னு. சித்தப்பா அதுக்குப் பதிலே சொன்னதில்லை.

ஆவண எழுத்தர்:

பெரியப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் இப்போதாவது பாத்தியத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவருக்குப் பின்னால் அவர் பிள்ளைகளிடம் பேசுவது இன்னும் சிரமம். வாரிசு எத்தனை பேர்?