சென்னை உலகப்பட விழாவில் பாதியாவது மதுரைக்கு வரணுமா? வந்தால் யார் பார்ப்பார்கள்?

வைகைக்கரை:
டிசம்பர் வந்தால் எனக்கு இதே கூத்துதான். ராத்திரி பாண்டியனில் ஏறி, விடிகாலை எழும்பூரில் இறங்கி, மாம்பலத்தில் மச்சினன் வீட்டில் பையைப் போட்டுவிட்டு, பல் விளக்கிய வாய் காயும் முன்னே சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ஓடுவது. 2003இல் தொடங்கிய விழா அது, இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்துகிறது, அரசும் பணம் கொடுக்கிறது. எனக்குக் கிடைக்கிற லீவு மூன்று நாள். போன தடவை அந்த மூன்று நாளில் பதினோரு படம் பார்த்தேன். ஏழாவது படத்துக்கு மேல் எது ஹங்கேரி எது ஜார்ஜியா என்று குழம்பிவிட்டது, ஒரு படத்தில் அரை மணி நேரம் தூங்கியும் விட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

என் கேள்வி இதுதான். விழா முடிந்த கையோடு அதே படங்களில் ஒரு இருபதை மதுரையில் போட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? பெட்டி ஏற்கெனவே சென்னை வரை வந்தாச்சு. அரசுப் பணம் என்றால் அதில் நம் வரியும் இருக்கிறதுதானே. கேரளாவில் 2021இல் கொரோனா நேரத்தில் திருவனந்தபுரம் விழாவைக் கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நாலு ஊருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. நம் நாட்டின் முதல் சர்வதேச விழாவே 1952இல் பம்பாயில் தொடங்கி சென்னை, தில்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகப் போன விழாதான். இப்போது மட்டும் ஏன் நாங்கள் 460 கிலோமீட்டர் போய்ப் பார்க்கணும்?

நத்தம்ரோடு:
அண்ணே, தப்பா எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவிழா நடத்த மதுரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தைக்குத் தெப்பம், சித்திரைக்கு அழகர், ஆவணிக்கு மூலம். கூட்டம் தானாக வரும், ஏனென்றால் அது அவர்கள் திருவிழா. நீங்கள் கேட்பது உங்கள் திருவிழா. நீங்களும் உங்களை மாதிரி ஒரு நாற்பது பேரும், தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் அட்டை.

உலகப்படம் மதுரைக்கு வரவேயில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம். 1998இலிருந்து ஆர்.பி. அமுதன் இங்கே சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா நடத்திக்கொண்டிருக்கிறார். அவரே 2003இல் இந்த ஊர்த் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் வேலையை அப்படியே காட்டி ‘பீ’ என்று ஒரு படம் எடுத்தார். பார்த்தீர்களா? ஹங்கேரிக்கு டிக்கெட் எடுக்கும் முன்னால் பக்கத்துத் தெருவைப் பாருங்கள். அது போக, உங்கள் பதினோரு படத்தில் பாதி ஆறு மாதத்தில் ஓடிடியில் வந்துவிடும். அரசுப் பணத்தில் யாரோ பத்துப் பேர் பூங்கொத்து வாங்கிக்கொள்வதற்கு நான் ஏன் கைதட்டணும்?

ஜிகர்தண்டா77:
ஓடிடியில் பார்க்கலாமாம். எங்கள் வீட்டில் ஹாலில் டிவி, ஹாலில்தான் பாட்டி படுக்கை, ஹாலில்தான் தம்பிக்கு ஆன்லைன் டியூஷன். நான் செல்போனில், ஹெட்செட்டில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற ஹெட்செட்டில், உலக சினிமா பார்க்கிறேன்.

தங்கம் தியேட்டர் 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரிசு என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது. நம்ம அண்ணன் சொன்ன பம்பாய் விழா நடந்த அதே வருஷம். இன்றைக்கு அங்கே ஜவுளிக்கடை. சிந்தாமணி இருந்த இடத்திலும் ஜவுளிக்கடை. இருக்கிற தியேட்டரையும் காப்பாற்ற மாட்டோம், விழாவும் வேண்டாம் என்றால் கடைசியில் ஊர் முழுக்க நின்று சேலைதான் பார்க்கணும்.

நத்தம்ரோடு:
சேலைக்கு சப்டைட்டில் வேண்டாம் தம்பி.

ஆப்பரேட்டர்:
“பெட்டி சென்னை வரை வந்தாச்சு” என்று எழுதியிருக்கிறதால் உள்ளே வருகிறேன். நான் கேபினில் முப்பது வருஷம் நின்றவன். சார், இப்போதெல்லாம் பெட்டி வந்தால் போதாது, சாவி வரணும். படம் ஹார்டு டிஸ்கில் பூட்டித்தான் வரும். சாவி என்பது ஒரு சின்ன ஃபைல், மெயிலில் அனுப்புவார்கள். இந்தத் தியேட்டரில் இந்த சர்வருக்கு (படத்தை ஓட்டுகிற கம்ப்யூட்டர்), இந்தத் தேதி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று அதிலேயே எழுதியிருக்கும். சென்னை சர்வருக்கு வந்த சாவியை இங்கே போட்டுத் திருகினாலும் திறக்காது. மதுரைக்கென்று தனியாகக் கேட்கணும், கேட்டால் காட்சிக்கு இவ்வளவு என்று இன்னொரு தடவை காசு கேட்பார்கள்.

ஒரு கல்லூரிக்காரர்கள் நம் ஊர்த் தியேட்டர் ஒன்றில் தனிக்காட்சி போட்டார்கள், பெயர் வேண்டாம். காலை பத்து மணி என்று இங்கிருந்து எழுதியதை அங்கே லண்டன் மணியாக எடுத்துக்கொண்டு சாவி போட்டிருக்கிறார்கள். நமக்கு அது மதியம் மூன்றரை. இருநூறு பிள்ளைகள் உள்ளே. திரையில் ஒன்றுமில்லை, நான் சர்வரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மெயில் மேல் மெயில் போட்டுப் பன்னிரண்டே காலுக்குப் புதுச் சாவி வந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தே ஒப்பேற்றினோம்.

அப்புறம் சென்சார். சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படத்தை விழாவில் போட மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கணும். அந்த விலக்கு கவுண்டரில் டிக்கெட் கிழிக்கிற காட்சிக்குக் கிடையாது, முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்குத்தான். அதனால்தான் விழாக்களில் கழுத்தில் அட்டை. ஜோல்னாப் பைக்காரர்கள் ஸ்டைலுக்கு மாட்டுவதில்லை. ஆனால் நத்தம்ரோடு தம்பி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, சிம்மக்கல்லில் நின்றுகொண்டிருக்கிறவர் என்ன படம் என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட முடியாது.

உசிலைக்காரி:
நான் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஆண்பிள்ளைகள் தியேட்டர், சாவி, ஜவுளிக்கடை என்று எல்லாம் பேசிவிட்டீர்கள், உட்கார்ந்து பார்க்கப்போகிறவரைப் பற்றி யாரும் பேசக் காணோம். இரண்டு ராத்திரி சொல்கிறேன்.

முதலாவது பல வருஷம் முன்னால். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வேட்டியைக் கட்டித் திரை, வாடகை புரொஜெக்டர், ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 1997 படம் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. தங்கச்சியின் ஷூவைத் தொலைத்துவிட்ட பையன், வீட்டில் சொல்ல பயந்து, தன் ஷூவையே இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். கடைசியில் ஓட்டப்பந்தயம். மூன்றாம் பரிசுதான் ஷூ. அவனுக்கு மூன்றாவதாகத்தான் வரணும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் ஆடு மாடு கட்டுகிற நேரத்தையும் மறந்து ஓரமாக நிற்கிறார்கள். பையன் முன்னால் போகப் போக ஒரு கிழவி எழுந்து நின்று, “பின்னாடி வாடா, ஏ, பின்னாடி வாடா” என்று கத்துகிறது. முதலாவதாக வந்துவிட்டான். மைதானத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடியது, அதை ஒருத்தரும் படிக்கவில்லை, படிக்க வேண்டியும் இருக்கவில்லை.

அந்த தைரியத்தில் அடுத்த முறை, கல்லூரியில் சேர்ந்துவிட்ட என் பழைய மாணவர்கள் முப்பது பேரைக் கூட்டி, அதே ஈரான், அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ போட்டேன். 2011இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது, மறு வருஷம் ஆஸ்கர். என்ன பிரயோஜனம்? படம் முழுக்கப் பேச்சு. புருஷன் ஒன்று சொல்கிறான், பெண்டாட்டி ஒன்று சொல்கிறாள், வேலைக்கார அம்மா ஒன்று சொல்கிறாள், நீதிபதி கேட்டுக்கொண்டே இருக்கிறார். யார் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் படம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்த பிள்ளைகள் முதல் வரியை முடிப்பதற்குள் மூன்றாவது வரி வந்துவிடும். இருபதாவது நிமிஷம் ஒருத்தன் தண்ணீர் குடிக்கப் போனான், திரும்பவில்லை. இடைவேளையில் பதினொரு பேர்தான் மிச்சம். அதில் ஒருத்தி என்னிடம் வந்து, “டீச்சர், படம் நல்லாத்தான் இருக்கும்போல, எனக்குத்தான் பத்தலை” என்றாள். அவளுக்கு என்ன பத்தவில்லை? அவளுடைய மொழியில் யாரும் எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான்.

விழா வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழில் வரி ஓடுமா? ஓடாது என்றால் அது சென்னை விழா மதுரையில் வந்து தங்கிவிட்டுப் போகிறது, வேறொன்றுமில்லை.

வைகைக்கரை:
டீச்சர், மதிக்கிறேன். ஆனால் உலகம் முழுக்க விழாக்களில் இங்கிலீஷ்தான் பொது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மொழி போட ஆரம்பித்தால் விழாவே நடக்காது. அப்படிப் பார்த்தால் நம் அப்பாமார் ஸ்டேஷன் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில், பகலில் வாசகசாலையும் சாயங்காலம் ரீகல் டாக்கீஸுமாக இருந்த இடத்தில், எந்த சப்டைட்டிலும் இல்லாமல் இங்கிலீஷ் படம் பார்த்துத்தானே வளர்ந்தார்கள்? கொஞ்சம் மெனக்கெடணும். நானும் மெனக்கெட்டுத்தான் வந்தேன்.

நத்தம்ரோடு:
என் அப்பாவும் ரீகல்காரர்தான் அண்ணே. குதிரை, துப்பாக்கி, கெட்டவன் யார் என்று தொப்பியைப் பார்த்தே சொல்லிவிடுவார். விவாகரத்து வழக்கில் யார் தொப்பியைப் பார்ப்பது?

இன்னொன்று. நீங்கள் மெனக்கெட்டு வந்தீர்கள், உங்களுக்கு பாங்கு வேலை, எழும்பூர் போய்வர சம்பளத்தோடு லீவு. டீச்சரின் மாணவி “எனக்குத்தான் பத்தலை” என்கிறாள். இது எப்படி ஒரே மெனக்கெடல்? நான் இந்த விழாவே வேண்டாம் என்கிற ஆள், இப்பவும் அதேதான். ஆனால் தமிழில் ஓடினால் எங்கள் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்காருவேன். அதற்கு விழா எதற்கு? மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு படம், போதும்.

ஜிகர்தண்டா77:
மலையாளத்தில் 2012இலிருந்து எம்சோன் என்று ஒரு கூட்டம் சம்பளம் இல்லாமலே உலகப்படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதித் தள்ளுகிறது. எனக்கு மலையாளம் பாதிதான் தெரியும், ஆனாலும் சில படத்துக்கு இங்கிலீஷைவிட அதுதான் சீக்கிரம் மண்டையில் ஏறுகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வைகைக்கரை:
சரி, பாங்கு வேலை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அது இருக்கட்டும். டீச்சர் சொன்ன அந்த ‘எ செபரேஷன்’ படத்தை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நேற்று ராத்திரி மறுபடி ஒரு பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, என் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் என்ன புரிந்தது என்று கேட்டேன். “நீங்க நடுவுல நிப்பாட்டி சொன்னதுதான் புரிஞ்சது” என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், இதுவரை நான் கேட்டதே இல்லை. தமிழ் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டி வருகிற படத்துக்குள் நாம் எப்படித் தமிழை நுழைக்கிறது? ஆப்பரேட்டர் சார்தான் சொல்லணும்.

ஆப்பரேட்டர்:
படத்துக்குள் நுழைக்க வேண்டாம். வெளிநாட்டு விழாக்களிலேயே உள்ளூர் மொழிக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். திரைக்குக் கீழே ஒரு முழ உயரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, அதற்குத் தனியாக ஒரு சின்ன புரொஜெக்டர், ஒரு லேப்டாப். வசனம் வர வர ஒருவர் உட்கார்ந்து பட்டனைத் தட்டி வரி வரியாகத் தள்ளணும். படத்தைத் தொடவே வேண்டாம், சாவியும் கலையாது. ஆனால் தட்டுகிறவர் படத்தை நாலு தடவையாவது பார்த்திருக்கணும், தும்மக்கூடாது. பேச்சு அதிகமுள்ள படம் என்றால் ஆயிரம் வரிக்கு மேல் வரும்.

உசிலைக்காரி:
எழுதுவது என் பொறுப்பு. நேற்று பத்து நிமிஷத்துக்கு எழுதிப் பார்த்தேன். தமிழில் வார்த்தை நீளம், அப்படியே பெயர்த்தால் பட்டை தாங்காது. “நான் சொன்னதை நீ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன்” என்று போட்டால் படித்து முடிப்பதற்குள் திரையில் ஆள் மாறிவிடுகிறார். “நான் சொன்னது அதில்லை.” இது போதும். பத்து நிமிஷத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது. பழைய மாணவர்களில் ஐந்து பேரைப் பிடித்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கப் போனவனும் அதில் ஒருத்தன்.

அரங்கம் எதுவானாலும் சரி, நத்தம் ரோட்டு நூலகமோ கல்லூரி மண்டபமோ, ஐந்து மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து நாங்கள் ஊர் போய்ச் சேரணும். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முன்னாலேயே யாராவது பார்த்துச் சொல்லுங்கள், இதைக் கேட்டால் சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

வைகைக்கரை:
தாழ்ப்பாள் பார்க்க நான் போகிறேன். படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கிறேன், தூதரகங்கள் பிலிம் சொசைட்டிகளுக்குப் படம் கொடுக்கிற பழக்கம் உண்டு, அந்த வழியிலும் எழுதிப் பார்க்கலாம். ஆனால் விழாவை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபது படம் கேட்டேன், ஒன்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள்.

நத்தம்ரோடு:
பட்டன் தட்டுவதற்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், பத்து வருஷம் டைப்பிங் சென்டரில் இருந்தவன். ஒரே நிபந்தனை. ஒரு ஆள் ஜன்னல் வழியே முக்கால் மணி நேரம் பனியைப் பார்க்கிற படமாக இருந்தால் எனக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

ஆப்பரேட்டர்:
தம்பி, அந்தப் படத்துக்குத் தட்ட மொத்தமே ஒன்பது வரிதான் இருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்.